ஞமலிக்கு ஒரு செவிலி

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் தொலைவு. சித்திரை மாத நடுப்பகலில் ஒருமுறை அந்தச் சாலையில் சென்று வந்தவர்களுக்குப் பாலைத்திணை என்பது ஏட்டில் மட்டும் உள்ள நிலம் அன்று என்பது விளங்கிவிடும். இருமருங்கும் சீமைக் கருவேலம். நடுநடுவே கரிமூட்டங்களின் புகை. நீர் ஓடிய நாள்களை நினைவில் மட்டும் வைத்திருக்கும் குண்டாறு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்ன இலக்கணத்துக்கு உரை எழுத வேண்டுமானால், இந்தச் சாலையை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

இச்சாலையில் மரநிழலைவிட மதகின் நிழலே அடர்த்தியானது. அந்த நிழலில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும். ஊருக்குள் விரட்டப்பட்டு வந்ததாக இருக்கலாம். சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விடப்பட்ட குட்டிகளுள் பிழைத்ததாகவும் இருக்கலாம். நாம் இந்தக் கட்டுரையில் பேச எடுத்துக்கொண்டது அந்த நாயைப் பற்றித்தான். தெருவில் கைவிடப்பட்ட நாயை மீட்டு, சில காலம் தம் வீட்டில் வைத்து, நோய் தீர்த்து, அச்சம் தெளிவித்து, பிறகு நிலையான வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் நகரங்களில் இன்று பரவிவருகிறது. மேலைநாட்டு இறக்குமதி என்று இதனைப் பலர் கருதுகிறார்கள். அப்படி அன்று என்பதைத் திருச்சுழியில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்தே காட்ட முடியும் என்பது நம் எண்ணம்.

செவிலி என்னும் சொல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். இடைக்காலத்துக்கு மட்டும் ஓர் உயிரை வளர்த்துக் கொடுப்பவருக்குத் தமிழில் பெயர் இல்லையே என்று நண்பர் ஒருவர் வருந்தினார். இல்லாமல் என்ன? செவிலி இருக்கிறாள். அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. ஊட்டியவள், நீராட்டியவள், கதை சொல்லித் தூங்கவைத்தவள் எல்லாம் செவிலிதான். ஆனால் அவளுக்கு உரிமை ஏதும் இல்லை. ஒருநாள் தலைவி தலைவனோடு உடன்போக்காகப் புறப்பட்டுவிடுகிறாள். செவிலி பாலை வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டே தேடிப் போகிறாள். வளர்ப்பதே பிரிவதற்காகத்தான் என்று வழியில் கண்டவர்கள் அவளைத் தேற்றி அனுப்புகிறார்கள். மருத்துவமனைத் தாதியருக்குச் செவிலியர் என்று பெயர் வைத்த பிற்காலத்தவர் அந்தச் சொல்லின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டார்கள். பற்று வைத்து வளர்த்து, பற்றோடேயே விட்டுக்கொடுப்பது என்ற மறுபாதி ஆளின்றிக் கிடக்கிறது. அதனை நாய் வளர்ப்பவர்களுக்குத் தருவதில் பிழை இல்லை.

கல்லில் நின்ற நாயும் எறியப்பட்ட ஓடும்

தமிழில் நாய்க்குப் பெயர்கள் பல: ஞமலி, ஞாளி, சுணங்கன், எகினம். பெயர் பெருகியிருப்பதைக் கொண்டு மதிப்பும் பெருகியிருந்தது என்று முடிவுகட்ட இயலாது. நம் மரபு நாயை ஒரே நேரத்தில் இரு தட்டில் வைத்து நிறுத்தியது.

ஒரு தட்டில் எடுத்தனூர் நடுகல். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள இக்கல் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டான். அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. கல்வெட்டு நாயின் பெயரையும் பொறித்தது; சிற்பி நாயின் உருவத்தையும் வீரனுக்கு அருகில் செதுக்கினான். பல்லவப் பேரரசனின் ஆட்சியாண்டைச் சொல்லும் கல்லில் ஒரு நாயின் பெயரும் இடம்பெற்றுவிட்டது. ஏழாம் நூற்றாண்டின் எத்தனை மனிதர்களுக்கு அந்தப் பேறு கிடைத்தது?

மறுதட்டில் பட்டினத்தார் கதை. திருவிடைமருதூரில் ஒரு கோபுர வாயிலில் பட்டினத்தாரும், இன்னொரு வாயிலில் அரசு துறந்து வந்த பத்திரகிரியாரும் இருந்தார்கள். பத்திரகிரியாரிடம் பிச்சை ஓடு ஒன்றும், தானே வந்து ஒட்டிக்கொண்ட நாய் ஒன்றும் இருந்தன. பிச்சை கேட்டு வந்தவரிடம், நான் ஆண்டி, அந்த வாயிலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் கேள் என்று பட்டினத்தார் கைகாட்டினார். ஓடும் நாயும் தம்மைக் குடும்பியாக்கிவிட்டனவே என்று பத்திரகிரியார் ஓட்டை எறிந்தார். அது நாயின் தலையில் பட்டது, நாய் இறந்தது. பிறகு அது காசி அரசன் மகளாகப் பிறந்து அவரையே தேடி வந்தது என்று கதை மங்கலமாக முடிகிறது. ஆயினும் அந்த ஓடு எறியப்பட்ட கணம் நம் மனத்தை விட்டு அகலுவதில்லை. துறவிக்கு நாய் ஒரு தளை என்பது அக்கதையின் கருத்து. மாணிக்கவாசகர் தம்மையே நாயேன் என்று தாழ்த்திக்கொண்டபோதும், தாழ்வுக்கு அளவுகோலாக நின்றது நாய்தான்.

இந்த வறண்ட வட்டாரத்திலும் இதே இரட்டை நிலைதான். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் உள்ள விருதுநகர் மாவட்டம் இது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகள் நான்கனுள் ஒன்றில் இராஜபாளையம் நாய் இடம்பெற்றது. நாட்டு இனங்களைக் காக்கத் தமிழக அரசு சென்னை சைதாப்பேட்டையில் 1980-81இல் ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. இனப்பெயர் உள்ள நாய்க்கு விலை உண்டு, போட்டி உண்டு, அஞ்சல்தலையும் உண்டு. அதே மண்ணில், அதே வெயிலைத் தாங்கிப் பிழைக்கும் பெயரற்ற தெருநாய்க்கு மதகின் நிழல் மட்டும்தான்.

விருபாட்ச குகைக்கு வந்த கருப்பன்

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில், வழக்குரைஞராக இருந்த சுந்தரம் ஐயரின் மகனாக வேங்கடராமன் பிறந்தார். திருமேனிநாதர் கோயிலுக்கு அண்மையில் உள்ள அந்த வீடு இன்று சுந்தர மந்திரம் என்று போற்றப்படுகிறது. 1892இல் தந்தை மறைய, குடும்பம் பிரிந்தது. பையன் மதுரைக்குப் போனான். 1896 ஆகஸ்ட் 29 அன்று யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தான். பிறகு நாடறிந்த ரமண மகரிஷியின் வாழ்வு அது.

ரமணரின் தத்துவத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவருடன் வாழ்ந்த நாய்களைப் பற்றி எழுதியவர்கள் சிலர்தாம். அவர்களுள் ஆர்தர் ஆஸ்போர்ன் 1954இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல் இந்த வகையில் ஒரு புதையல். சின்னக் கருப்பன் என்னும் நாயின் வரலாற்றை ரமணர் தாமே சொல்லியிருக்கிறார். அதை நம் நடையில் சுருக்கித் தருகிறோம்.

விருபாட்ச குகையில் தங்கியிருந்த காலத்தில் (1899-1916) கருநிற உருவம் ஒன்று தொலைவில் நடமாடும். சில சமயம் புதர்களுக்கு மேல் தலை மட்டும் தெரியும். யாரிடமும் நெருங்காது. உடனிருந்தவர்கள் அதன் போக்கை மதித்தார்கள். அது இருக்கும் பக்கமாக உணவை வைத்துவிட்டு அகன்றார்கள். பிடிக்க முயலவில்லை, அழைத்துத் தொல்லை செய்யவும் இல்லை. ஒருநாள் எல்லோரும் மலை ஏறிச் செல்கையில், கருப்பன் திடீரெனப் பாதையில் பாய்ந்து வந்து, கூட்டத்தில் ரமணரை மட்டும் அடையாளம் கண்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவர்மேல் துள்ளி விளையாடினான். அன்றுமுதல் ஆசிரமவாசிகளுள் ஒருவன் ஆனான். முன்பு எவரையும் அணுகாதவன், பிறகு வருவோர் எல்லோருடைய மடியிலும் ஏறிப் படுப்பவனாக மாறிப்போனான்.

முடிவு துயரமானது. குகைக்கு அருகே வில்வ மரத்தடியில் ஆசாரமான அந்தணர் ஒருவர் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். கருப்பன் வழக்கம்போல் அவரையும் நெருங்கினான். அவர் மனம் நோகக்கூடாதே என்று ஆசிரமவாசி ஒருவர் தடியால் அடித்தார்; பலமாகக்கூட அன்று. கருப்பன் ஊளையிட்டு ஓடினான். அதன்பின் அவனை யாரும் பார்க்கவில்லை. இதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை இருந்தது என்கிறார் ரமணர்: ஒரு மழைக்குளிர் இரவில் தொண்டர் ஒருவர் கடுஞ்சொல் சொன்னதற்காக, கருப்பன் வெளியேறித் தொலைவில் கிடந்த கரிமூட்டை ஒன்றின்மேல் விடியும்வரை படுத்திருந்தான். காலையில்தான் அழைத்துவர முடிந்தது. அதற்கும் முன்னர், திட்டு வாங்கிய சிறு நாய் ஒன்று நேரே சங்கு தீர்த்தக் குளத்துக்கு ஓடியது. சற்று நேரத்தில் அதன் உடல் நீரில் மிதந்தது.

வாசகர்கள் இந்த வரலாற்றை மீண்டும் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆன்மிகச் சுவையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தால், அஞ்சிய நாயைப் பழக்குவதற்கு இன்றைய விலங்கு நடத்தையியலார் சொல்லும் முறை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. உணவு வை; விலகு; தொலைவை மதி; முதல் அடியை நாய் எடுத்து வைக்கட்டும். இறுதிப் பகுதியோ எச்சரிக்கை: மாதக்கணக்கில் சேர்த்த நம்பிக்கையை ஒரு தடி ஒரு நொடியில் செலவழித்துவிடும்.

கமலாவின் பேறுகாலம்

அடுத்து வந்தவள் கமலா. கந்தாசிரமத்துக்கு அவள் குட்டியாக வந்தபோது மற்றவர்கள் விரட்டப் பார்த்தார்கள். காரணம், பெட்டை. ஆண்டுதோறும் குட்டி ஈன்று ஆசிரமத்தை நிறைத்துவிடுவாள் என்ற அச்சம். அவள் போகவில்லை. அச்சமும் பொய்க்கவில்லை, பெரிய நாய்க் குடும்பமே உருவாயிற்று. ஆனால் அவளுடைய முதல் பேற்றின்போது நடந்ததைக் கேளுங்கள். அவளை நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, தூய்மையான ஓர் இடத்தில் குட்டிகளோடு பத்து நாள் இருக்கச் செய்தார்கள். பத்தாம் நாள் தீட்டுக்கழித்து விருந்தும் நடந்தது. பின்னாளில் புதிதாக வருவோருக்கு மலையைச் சுற்றிக் காட்டும் வேலையை ரமணர் கமலாவிடம் ஒப்படைப்பதுண்டு. அவள் ஒவ்வொரு சுனையிலும் சன்னிதியிலும் நின்று நின்று அழைத்துச் செல்வாளாம்.

ஆசிரமத்தில் உணவு வேளையில் முதலில் நாய்களுக்கு, பிறகு இரந்து வந்தவர்களுக்கு, கடைசியில் அடியார்களுக்கு என்பது முறை. பையன்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று ரமணர் கேட்டால் அது நாய்களைப் பற்றிய கேள்வி. விலங்குகளைப் பற்றிப் பேசும்போது தமிழ் வழக்குப்படி அது என்று அவர் சொன்னதில்லை. அவன், அவள் என்றே சொன்னார் என்கிறார் ஆஸ்போர்ன்.

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இந்தச் செய்தி மிக முதன்மையானது. நம் இலக்கணப்படி நாய் அஃறிணை. ஆனால் உவப்பு முதலிய காரணங்களால் திணை மாறிச் சொல்வதை நன்னூல் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. பசுவைத் தாயாகச் சொல்வதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவர். வழுதான், ஆனால் அமையும் என்று பவணந்தியார் விட்டுவைத்த அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் கருப்பனும் கமலாவும் உயர்திணைக்குள் நுழைந்தார்கள். இன்றும் ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்கு அருகே மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளும் இருக்கின்றன. பத்திரகிரியார் எறிந்த ஓட்டுக்கு அருணை சொன்ன மறுமொழி என்று அவற்றைக் கொள்ளலாம்.

கொல்வதா, காப்பதா

மலைமேல் இப்படி இருக்க, மலைக்குக் கீழே அரசின் கணக்கு வேறாக இருந்தது. பம்பாயில் ஆங்கில ஆட்சி தெருநாய்களைக் கொல்வதற்குத் தலைக்கு எட்டணா கொடுத்தது. 1832 ஜூன் மாதம் அதனை எதிர்த்துப் பார்சிகள் கடையடைத்துக் கலகம் செய்தார்கள். நாய் அவர்கள் சமயச் சடங்கில் இடம்பெறும் விலங்கு. 1834இல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலானோர் அந்நகரில் பிஞ்சராபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர். லண்டனில் மேரி டீல்பி என்னும் பெண்மணி, தொலைந்த, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லத்தை நிறுவியது 1860இல். பின்னர் அது பாட்டர்சீ என்னும் இடத்துக்கு மாறி உலகப் புகழ் பெற்றது. அதாவது, மேலைநாட்டு இறக்குமதி என்று நாம் நினைப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பம்பாயில் காப்பகம் இருந்தது.

நாயைக் கண்டு மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெறிநாய்க்கடி நோய் முற்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது; மனிதருக்கு அந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்கள் வழியாகவே. லூயி பாஸ்டர் 1885 ஜூலையில் முதல் தடுப்பூசியைப் போட்டார். தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் நிறுவனம் 1907இல் குன்னூரில் தொடங்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டிமார் அச்சுறுத்தியது பழைய நரம்புத்திசு மருந்தை. அதன் உற்பத்தி இந்தியாவில் 2004 இறுதியில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடும் சில ஊசிகளே போதும். ஆனால் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுவதையும், உடனே மருத்துவமனைக்குச் செல்வதையும் தவிர்க்கக்கூடாது. நாய்மேல் அன்பு கொண்டவர்களே இதனை முதலில் சொல்ல வேண்டும்.

சென்னையில் 1959இல் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளை மீட்டதிலிருந்து தொடங்கியது விமான ஓட்டி கேப்டன் சுந்தரம், அவர் மனைவி உஷா சுந்தரம் ஆகியோரின் பணி. அதுவே நீலச்சிலுவைச் சங்கமாக, புளூ கிராஸாக வளர்ந்தது. கொன்று குறைக்க முடியாது, கருத்தடை செய்துதான் குறைக்க முடியும் என்று அவர்கள் 1960-களிலிருந்தே வாதிட்டார்கள். சென்னை மாநகராட்சி அதனை ஏற்க 1990-களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. இன்னொரு பக்கம், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பரதநாட்டியத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று மட்டுமே நம் பாடநூல்கள் அவரைச் சொல்லுகின்றன. 2001இல் நாய்க் கருத்தடை விதிகள் வந்தன. 2023இல் அவை திருத்தி எழுதப்பட்டன. பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவது என்பது அவற்றின் சாரம்.

செவலை

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதி நாய்களைக் குறித்து ஓர் ஆணையைப் பிறப்பித்து, பதினொரு நாள்களில் அதனைத் திருத்தியது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று இன்னோர் ஆணை வந்தது. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும். கருத்தடைக்குப் பின் அதே வளாகத்தில் திரும்ப விடக்கூடாது. குழந்தைகள் கடிபடுவதைப் பற்றிய கவலை அந்த ஆணைக்குப் பின்னால் இருந்தது. அக்கவலை நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

நம் கல்லூரி வளாகத்தில் அப்போது நான்கு நாய்கள் இருந்தன. அவற்றுள் செவலை நிறப் பெட்டை ஒன்று. மூன்று ஆண்டுகளாக விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் வாழ்ந்தும் எவர் கையும் பட்டதில்லை. அதனை நம் இல்லத்துக்குக் கொண்டுவந்தோம். பிடித்துக் கூண்டில் ஏற்றிய அச்சத்தில் ஐந்து நாள் தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து வெளிவரவில்லை. நாம் பார்த்துக்கொண்டிருந்தால் உண்ணாது. அப்போதுதான் கருப்பனின் கதை வெறும் கதையாக இல்லாமல் செய்முறையாகத் தெரிந்தது. சோற்றை வைத்தோம், விலகினோம். கண்ணை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் அமர்ந்து தேர்வுத்தாள் திருத்தினோம். நாளுக்கு ஒரு சாண் அளவில் தட்டு நம் பக்கம் நகர்ந்தது.

இடையில் மருத்துவம். முதல் இரண்டு வாரம் வேறு விலங்குகளோடு சேர்க்கவில்லை. உடலில் உறங்கும் நோய் வெளிப்பட அந்த இடைவெளி வேண்டும். குடற்புழு நீக்கினோம். ஈறு வெளுத்திருந்ததைக் கண்டு இரத்தம் சோதித்ததில் உண்ணிக்காய்ச்சல் தெரியவந்தது. நான்கு வாரம் மாத்திரையைக் கருவாட்டுக்குள் ஒளித்துக் கொடுத்தோம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். உடல் தேறியபின் கருத்தடை.

நாற்பத்தோராம் நாள் மாலை, அது வந்து நம் கையை முகர்ந்தது. வந்தாள் என்றுதான் அன்று நாட்குறிப்பில் எழுதினோம். பவணந்தியார் மன்னிப்பார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், அவள் செருப்பை முகர்வதைப் பார்த்து விளக்குமாற்றை ஓங்கினார். அடிக்கவில்லை, ஓங்கியதோடு சரி. செவலை மீண்டும் தொட்டியடிக்குப் போனாள். தட்டு மீண்டும் தொலைவுக்குப் போயிற்று. வில்வமரத்தடியில் தடி எடுத்தவரை நாம் பலமுறை மனத்துக்குள் கடிந்திருக்கிறோம். அவர் கெட்டவர் அல்லர், நம் உறவினரும் கெட்டவர் அல்லர் என்பது அன்று விளங்கியது. கருப்பன் திரும்பவில்லை. செவலை பதினெட்டு நாளில் திரும்பினாள். அது நம் திறமை அன்று, அவளுடைய பெருந்தன்மை.

அதன்பின் வீட்டுப் பழக்கங்கள். கழுத்துப்பட்டையை முதலில் உணவுத் தட்டின் அருகே வைத்தோம். ஒரு வாரத்துக்குப் பின்தான் கழுத்துக்கு ஏற்றினோம். குக்கர் விசில், பக்கத்து வீட்டு விசைத்தறி, சிவகாசிக்கு அருகில் வாழும் நம்மூரில் ஆண்டு முழுதும் வெடிக்கும் பட்டாசு ஆகியவற்றைத் தொலைவிலிருந்து கேட்கப் பழக்கினோம். வெளியே அழைத்துச் செல்வது விடியலில் மட்டும். நம்மூர்த் தார்ச்சாலை நண்பகலில் பாதத்தைச் சுட்டுவிடும்.

வளர்த்ததை விடக் கடினம் இல்லம் தேடியது. தொலைபேசியில் பேசிய அனைவரும் முதலில் கேட்டது இனம் எது என்பது. அடுத்து, ஆணா பெண்ணா என்பது. கமலாவை விரட்டப் பார்த்த அதே அச்சம் நூறாண்டு கழித்தும் அப்படியே இருக்கிறது. கடைசியில் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மல்லிகை பயிரிடும் அம்மா ஒருவர் வந்து பார்த்தார். விடியுமுன் தனியே பூப்பறிக்கச் செல்பவர். துணை வேண்டும் என்றார்.

"பொட்டையா சார்? வருசத்துக்கு ரெண்டு ஈத்துப் போட்டுருமே, குட்டியெல்லாம் யாரு பாக்குறது?"

"ஆபரேசன் ஆயிருச்சும்மா. இனிமே குட்டி கிடையாது."

"அப்ப ஒண்ணுமில்ல. நான் பாத்துக்கிறேன்."

எத்தனை நூற்றாண்டுப் பழி, எத்தனை சிறிய விடையில் தீர்ந்துபோயிற்று! ஈன்று பெருகுவாள் என்பதற்காகச் சாக்கில் கட்டப்பட்ட குட்டிகள் எல்லாம் இந்த ஓர் அறுவை மருத்துவத்துக்காகத்தான் காத்திருந்தன போலும். அவரிடம் மூன்று உறுதி மட்டும் கேட்டோம்: பகல் முழுதும் கட்டிப்போடுவதில்லை; ஆண்டுதோறும் தடுப்பூசி; வளர்க்க இயலாமற்போனால் தெருவில் விடாமல் நம்மிடமே திருப்பித் தருவது. முதல் பதினைந்து நாள் பழக்கநாள் என்று வைத்துக்கொண்டோம். நான்காம் நாள், சாப்பிட மாட்டேங்குது என்று அழைப்பு வந்தது. தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள் அம்மா என்றோம். பதினோராம் நாள், இப்போது தோட்டத்துக்குக் கூடவே வருகிறது என்றார்.

மற்ற மூன்று நாய்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். ஒன்று நோயில் இறந்தது. இரண்டு பிடித்துச் செல்லப்பட்டன. அவற்றுக்கு நம்மால் இல்லம் தேடித்தர முடியவில்லை. ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு செவிலிதான் இருக்க முடியும். வளாகங்களிலிருந்து அகற்றுக என்று ஆணையிடுவது ஒரு நாள் வேலை. அகற்றப்பட்ட ஒவ்வொன்றையும் மனித இல்லத்துக்கு ஏற்றதாக்குவது மூன்று நான்கு மாத வேலை. இந்த இரண்டு கால அளவுகளுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் நாய்கள் விழுகின்றன. அதனை நிரப்பக் காப்பகங்களால் மட்டும் ஆகாது. ஊருக்குப் பத்து வீடுகள் வேண்டும்.

ஒரு மாதம் கழித்துத் திருச்சுழிக்குச் சென்றோம். திருமேனிநாதரை வணங்கிவிட்டு, சுந்தர மந்திரத்தில் சற்று நேரம் அமர்ந்திருந்துவிட்டு, மாலையில் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். செவலை வரப்பில் எழுந்து நின்று குரைத்தாள். பிறகு அடையாளம் கண்டு ஓடி வந்தாள், கையை முகர்ந்தாள், வால் ஆடியது. சற்று நின்றுவிட்டுத் திரும்பிச் சென்று, பூக்கூடையின் அருகில், அந்த அம்மாவின் காலடியில் படுத்துக்கொண்டாள்.

அகப்பாடலின் செவிலி பாலைவழியில் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். நாம் அப்படித் திரும்பவில்லை. பேருந்தில் அமர்ந்தபோது மடியில் ஒரு பொட்டலம் மல்லிகை அரும்பு இருந்தது. வழியில், மதகின் நிழலில் இன்னொன்று படுத்திருந்தது.